லாட்ஜ் பதிவேடும் கூகுளும்: வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.இ.ஓ. முதல் பாடம்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்திலும் பெயர்ப்பலகை தொங்கும். மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகிற தெருக்கள் அவை. அப்படி ஒரு தெருவில் என் மாமாவுக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. காசு கொடுத்து ஒருவரிடம் வெப்சைட் போட்டார். எட்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "இன்னா மாப்ள இது, எட்டு மாசம் ஆவுது, ஒரு போன் வர்ல. கூகுள்ல நம்ம லாட்ஜ் பேரையே போட்டாலும் வரமாட்டேங்குது."

அன்று மாலையும் அதற்குப் பிறகும் ரிசப்ஷனில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கூகுள் போன்ற தேடுபொறிகளில் நம் வெப்சைட் எளிதாக அகப்படும்படி செய்கிற வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ. என்று பேர். லாட்ஜ் வைத்திருந்தாலும் குடியாத்தத்தில் லுங்கி விற்றாலும் ஆற்காட்டில் மக்கன் பேடா போட்டாலும் பாடம் ஒன்றுதான்.

பேரைப் போட்டாலே வரவில்லை என்றால் அது முதல் பக்கமா பத்தாம் பக்கமா என்ற பிரச்சினையே இல்லை, அப்படி ஒரு வெப்சைட் இருப்பது கூகுளுக்குத் தெரியவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கூகுளின் வேலை மூன்று கட்டம். கூகுள்பாட் என்ற நிரல் ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அதிலிருந்து இன்னொன்று என்று போய்ப் படித்துக்கொண்டே இருக்கும். படித்ததில் வைத்துக்கொள்ளத் தகுந்ததைத் தன்னிடம் பதிந்துவைக்கும், இதற்குப் பேர்தான் இண்டெக்ஸ். யாராவது எதையாவது தேடும்போது அந்த இண்டெக்ஸிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டும். அந்த நொடியில் இணையம் முழுக்க ஓடிப்போய்த் தேடிவிட்டு வருவதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதனால் இண்டெக்ஸில் இல்லாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரிசைக்கே வராது.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கூகுளில் 'சைட்' என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். கூகுள் பதிந்துவைத்திருக்கும் பக்கங்கள் வரும். மாமாவுடையதற்கு ஒன்றுகூட வரவில்லை. காரணம் ஐந்து நிமிஷத்தில் அகப்பட்டது. அது வேர்ட்பிரஸ் என்ற, வெப்சைட் செய்ய உதவும் மென்பொருளில் செய்த தளம். அதன் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதிக்குள், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பதிய வேண்டாம் என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தளம் பாதி வேலையில் இருக்கும்போது அதில் டிக் போட்டு வைப்பது நல்ல பழக்கம்தான், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். செய்து கொடுத்தவர் எடுக்க மறந்துவிட்டார். எட்டு மாதமாக அந்த வெப்சைட் ஒவ்வொரு பக்கத்திலும் 'என்னைப் பதியாதே' என்று கூகுளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கூகுளும் சொன்னபடி கேட்டிருக்கிறது. எனக்கு இது ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த எட்டு மாதமும் மாமா வெப்சைட் என்பதே ஏமாற்று வேலை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

டிக்கை எடுத்தோம். அடுத்து சர்ச் கன்சோல். கூகுள் இலவசமாகக் கொடுக்கிற கருவி இது, வெப்சைட் வைத்திருக்கிற எல்லோரும் முதல் நாளே சேர்க்க வேண்டியது, ஆனால் சின்னக் கடைக்காரர்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டு, சைட்மேப் என்கிற பக்கப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். பிறகு எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று அதுவே சொல்லும். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, வந்து பார்க்கும்படி கோரவும் செய்யலாம். கோரியதும் மறுநாளே நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம், சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பதிவாவது ஒன்று, கூகுளால் படிக்க முடிவது இன்னொன்று. மாமாவின் தளத்தில் அறை வாடகை, வசதிகள் எல்லாம் ஒரே படமாக இருந்தது. பிரஸ்ஸில் அடித்த நோட்டீஸை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அதில் எழுத்து தெரிகிறது, ஆனால் தேடுபொறி பெரும்பாலும் பக்கத்தில் எழுத்தாக இருப்பதை நம்பித்தான் நடக்கிறது. வாடகையை எழுத்தாக அடியுங்கள். படம் இருந்தால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஆல்ட் என்ற இடத்தில் ஒரு வரி எழுதுங்கள், பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அதுதான் உதவுகிறது.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு குழி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் பார்ப்பதற்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு தமிழ் மாதிரி வேஷம் கட்டிக் காட்டுகிறது. டி.டி.பி. சென்டரில் அடித்ததை அப்படியே வெட்டி ஒட்டினால் கூகுளுக்குப் போய்ச் சேருவது பொருளே இல்லாத எழுத்துக் குவியல். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட் என்கிற, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை, கவலை இல்லை. கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்து வந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

சரி, இப்போது சாரமான இடத்துக்கு வருவோம். நீங்கள் உங்கள் கடையை எப்படிச் சொல்கிறீர்கள் என்பது வேறு, ஜனங்கள் அதை எப்படித் தேடுகிறார்கள் என்பது வேறு. எஸ்.இ.ஓ. என்று பெரிய பேர் வைத்துச் சொல்வதெல்லாம் இந்த இடைவெளியை நேர்மையாகக் குறைக்கிற வேலைதான். மாமாவின் முகப்புப் பக்கத்துத் தலைப்பு 'ஹோம்' என்று இருந்தது. உள்ளே முதல் வரி 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்'. நல்ல மனசோடு எழுதியதுதான், ஆனால் கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி வாங்கிய ஒரு பையன் 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று கூகுளில் அடிக்க மாட்டான். சி.எம்.சி. பக்கத்தில் லாட்ஜ், சமையல் செய்துகொள்ள வசதி உண்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு, காட்பாடி ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது, மூன்று பேர் தங்கலாமா என்றுதான் அடிப்பான். அதையும் ஆங்கில எழுத்தில் அடிப்பான், இல்லையென்றால் வங்காளத்தில்.

இது நம் ஊகம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. டிக்கை எடுத்து ஆறேழு வாரம் கழித்துச் சர்ச் கன்சோலில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்தோம். எந்தெந்தத் தேடல் வார்த்தைக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை தடவை, அதில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அங்கே வரிசையாக இருக்கும், 16 மாதக் கணக்கு வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். மிகச் சிலர் மட்டுமே தேடிய வார்த்தைகளை அந்தரங்கம் கருதி மறைத்துவிடுவார்கள். மாமாவுக்கு இதைப் புரியவைக்க அவருடைய பதிவேட்டையே உதாரணமாகக் காட்டினேன். ரிசப்ஷனில் இருக்கும் நோட்டில் உள்ளே வந்து அறை எடுத்தவர் பேர்தான் இருக்கும். வாசல்வரை வந்து, "சமையல் ரூம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போனவர் எந்த நோட்டிலும் இல்லை. சர்ச் கன்சோல்தான் அந்த வாசலில் நிற்பவர்களின் நோட்டு. எது கேட்டு வந்தார்கள் என்று அதில் இருக்கிறது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

அதை எப்படிப் படிப்பது? ஒரு வார்த்தைக்கு 1,000 தடவை காட்டப்பட்டு 5 பேர்தான் கிளிக் செய்தார்கள், சராசரி இடம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் நன்றாகவே இருக்கிறது, பார்க்கிறார்கள், ஆனால் தொட மாட்டேன் என்கிறார்கள். அப்படியானால் தலைப்பும் அதன் கீழே வரும் இரண்டு வரி விவரமும் அவர்கள் கேட்டதைச் சொல்லவில்லை. 'ஹோம்' என்பதை 'வேலூர் சி.எம்.சி. அருகில் சமையலறையோடு அறைகள், தினவாடகை விவரம்' என்று மாற்றுங்கள். அதே 1,000, ஆனால் சராசரி இடம் 35 என்றால் தலைப்பை மாற்றி மட்டும் பயனில்லை, அந்தக் கேள்விக்கு உங்கள் தளத்தில் உருப்படியான பதிலே இல்லை என்று அர்த்தம், அதற்கென்று ஒரு பக்கம் எழுத வேண்டும். சராசரி என்பது சராசரிதான் என்பதையும் நினைவில் வையுங்கள், வேலூரிலிருந்து தேடியவருக்கு 2ஆவது இடமும் அசாமிலிருந்து தேடியவருக்கு 40ஆவது இடமுமாக இருக்கலாம். இதனால்தான் உங்கள் கடையில் நின்றுகொண்டு உங்கள் போனில் தேடிப் பார்த்து, முதலில் வருகிறோம் என்று திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது. நீங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்து கூகுள் காட்டுகிறது.

எழுதும்போது அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திணிக்க வேண்டாம். மக்கன் பேடாவை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள், அத்தனையையும் பக்கத்தின் அடியில் குவித்து வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எழுத்துப் பிழைகளையும் வேறுபாடுகளையும் கூகுள் பெரும்பாலும் தானே புரிந்துகொள்கிறது, திணிப்பது அதன் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானதும்கூட. மெட்டா கீவேர்ட்ஸ் என்று, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடல் வார்த்தைகளை எழுதி வைக்கிற ஒரு பெட்டியை நிரப்பச் சொல்வார்கள், வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. அதற்குக் காசு வாங்குகிறவரிடம் அடுத்த வேலையைக் கொடுக்க யோசியுங்கள். 'முதல் இடம் கேரண்டி' என்பவரிடமும் அப்படித்தான், அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

வங்காளத்தில் ஒரு பக்கம் போடலாமா என்று மாமா கேட்டார். கட்டாயம் போடலாம். தனி முகவரியில் தனிப் பக்கமாக இருக்க வேண்டும், எழுதியது அந்த மொழி பேசுகிறவர் படித்துச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். அவருடைய லாட்ஜில் ரிசப்ஷன் பையன் மால்டாவிலிருந்து வந்தவன், அவனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்ததைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் வருகிறவர்கள் போனில் என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும்.

உள்ளூர் வியாபாரத்துக்கு வெப்சைட் அளவுக்கு முக்கியம் கூகுள் மேப்பில் வருகிற பிசினஸ் புரொஃபைல். அருகாமை, தேடியதற்குப் பொருத்தம், எவ்வளவு பேர் அறிந்த இடம் என்ற மூன்றையும் வைத்து மேப்பில் வரிசை அமைகிறது. பேர், முகவரி, போன் நம்பர் மூன்றும் வெப்சைட்டிலும் மேப்பிலும் ஒன்றாக இருக்கட்டும். நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரோடு போயின, ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டையோடு. ஆனால் நிறைய வெப்சைட்டுகளில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே நிற்கிறது. மாற்றுங்கள். பழைய வாடிக்கையாளர் குழம்புவார் என்றால் 'வேலூரிலிருந்து வரும் வழி' என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். மாமாவுக்கும் இப்படி ஒன்று இருந்தது. சி.எம்.சி.க்கு ராணிப்பேட்டைப் பக்கம், ரத்தினகிரி அருகே, இன்னொரு வளாகம் வந்துவிட்டது. அங்கே அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொண்டு ஊருக்குள் அறை எடுத்துவிட்டு, நோயாளியோடு ஆட்டோவில் அலைகிறவர்கள் உண்டு. 'எங்கள் லாட்ஜ் வேலூர் டவுன் மருத்துவமனைக்கு அருகில், உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு புக் செய்யுங்கள்' என்று முதல் பக்கத்திலேயே எழுதினோம். சிலர் அதைப் படித்துவிட்டு வராமல் போகலாம். அவர்கள் வராமல் இருப்பதுதான் சரி. மேப்பில் வாடிக்கையாளர் எழுதுகிற ரிவ்யூவுக்காகத் தள்ளுபடி கொடுப்பது, காசுக்கு வாங்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம், கூகுள் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அறையைக் காலி செய்யும்போது ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. போன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. இருக்கும். ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு வருகிற ரயிலில், விட்டு விட்டு வரும் சிக்னலில் உங்கள் பக்கம் திறக்க வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பெரும்பாலான சின்னத் தளங்கள் தேறிவிடும்.

அப்புறம் கூகுளின் இன்னொரு கருவியான அனலிட்டிக்ஸ். இது உள்ளே வந்தவர்களின் நோட்டு. எந்த ஊர், எந்த வழியாக வந்தார்கள், எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று இருக்கும். பழைய முறை 2023 ஜூலையோடு நின்று, இப்போது இருப்பது ஜி.ஏ.4, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸ் 4. திறந்தவுடன் கலர் கலராக வரைபடம் வரும், எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயன்றால் வெறுத்துப்போகும். 'இந்த மாதம் இத்தனை பேர் வந்தார்கள்' என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. போனைத் தொட்டவர் எத்தனை, வாட்ஸாப் பொத்தானைத் தொட்டவர் எத்தனை என்பதுதான் லாட்ஜுக்கு வேண்டிய எண். போன் நம்பரைத் தொட்டதை அனலிட்டிக்ஸ் தானாக எண்ணாது, அதைத் தனியாக அமைத்து 'கீ ஈவென்ட்' (முக்கிய நிகழ்வு) என்று குறிக்கச் சொல்லி வெப்சைட் செய்தவரிடம் கேளுங்கள். இன்னொன்று, விரிவான தரவை 2 மாதம் மட்டுமே வைத்திருக்கும்படி அது அமைந்திருக்கும், செட்டிங்ஸில் 14 மாதமாக மாற்றிவிடலாம். இன்றைக்கே மாற்றுங்கள், போனது போனதுதான்.

'டைரக்ட்' என்று ஒரு வரி இருக்கும். முகவரியைத் தானே அடித்து வந்தவர்கள் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள், அது பாதி உண்மை. வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டு வந்தால் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வருவதில்லை, அதுவும் டைரக்டில்தான் போய் விழும். நம் ஊர் வியாபாரமே வாட்ஸாப்பில் ஓடுகிறது. நீங்கள் அனுப்பும் லிங்க்கின் கடைசியில் யு.டி.எம். என்ற சின்னக் குறிப்பைச் சேர்த்து அனுப்பினால் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். அதிலும் அகப்படாததைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு, போனில் கூப்பிடுகிறவரிடமே கேட்பது. மாமா பதிவேட்டில் 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு கிழித்து 'எப்படித் தெரியும்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டார்.

மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம், சர்ச் கன்சோலில் கேள்விகளை மட்டும் படிக்கிறோம். போன தடவை ஒரு வரி கண்ணில் பட்டது: சி.எம்.சி. பக்கத்தில் வீல்சேர் போகிற லிஃப்ட் உள்ள லாட்ஜ். நாலு தடவைதான் காட்டியிருந்தது, யாரும் கிளிக் செய்யவில்லை. நாலுதானே என்று நான் அடுத்த வரிக்குப் போனேன். மாமா எழுந்து மேசை டிராயரிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரிசப்ஷன் பையனோடு சேர்ந்து அளந்தார். 31 அங்குலம். அறைக் கதவு 30, பாத்ரூம் கதவு 26, பாத்ரூம் வாசலில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு படி. "அந்தப் படியையும் எழுது," என்றார். தமிழில், ஆங்கிலத்தில், வங்காளத்தில், மூன்று பக்கத்திலும் அப்படியே எழுதினோம்.